ஒரு செல் எவ்வளவு பலமாக இழுக்கும்?

ஒன்பதாம் வகுப்பில் கழிவுநீக்க மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் கரும்பலகையில் முதல் வரியை எழுதினேன்: "மனிதனுக்கு அவரை விதை வடிவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன." படம் வரைந்து பாகங்களைக் குறித்துப் பாடத்தை முடித்தேன். மணி அடித்ததும் மாணவர்கள் வெளியே ஓடினார்கள். மூன்றாவது பெஞ்சு மாணவி ஒருத்தி மட்டும் பையை மூடாமல் நின்றாள்.

"டீச்சர், எனக்கு ஒண்ணுதான் இருக்கு."

எனக்கு முதலில் புரியவில்லை. சிறு வயதில் ஸ்கேன் எடுத்தபோது தெரிந்ததாம். பிறவியிலேயே அப்படித்தான் என்று மருத்துவர் சொன்னாராம். பிறகு தயங்கித் தயங்கி அவள் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அம்மா வயித்துல நான் இருக்கும்போது கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டாங்களாம். அதனாலதான் இப்படின்னு பாட்டி சொல்லுவாங்க. அம்மா அழுவாங்க. நெஜமா டீச்சர்?"

"இல்லம்மா" என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால், "அப்ப எதனால?" என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாகச் சிறுநீரகப் பாடம் நடத்துகிறேன். சிறுநீரகம் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியும். அது எப்படி உருவாகிறது என்று நான் ஒரு நாளும் படித்ததில்லை. "படிச்சுட்டு வந்து சொல்றேன்" என்றேன். அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் படித்தவற்றையும், அவற்றை வகுப்பில் எப்படிச் செய்து பார்த்தோம் என்பதையும் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். உயிரியலும் இயற்பியலும் ஒரே இடத்தில் சந்திக்கும் பாடம் இது. இரண்டு பாட ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தலாம்.

சிறுநீரகம் ஒரு மொட்டிலிருந்து தொடங்குகிறது

கரு உருவான ஐந்தாவது வாரத்தில், கரு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத நிலையில், அதன் உடலின் பின்பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொரு நீண்ட குழாய் இருக்கும். அந்தக் குழாயின் சுவரிலிருந்து சிறிய மொட்டு ஒன்று கிளம்புகிறது. இதைச் சிறுநீர்க்குழாய் மொட்டு என்று சொல்லலாம். அதன் அருகிலேயே தளர்வாகத் திரண்ட செல் கூட்டம் ஒன்று காத்திருக்கும். இடைத்திசு என்பது அதன் பெயர். மொட்டு வளர்ந்து இந்த இடைத்திசுவுக்குள் நுழைந்ததும் நுனி இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு நுனியும் மீண்டும் இரண்டாகிறது. மனிதரில் இப்படிச் சுமார் 15 தலைமுறைக் கிளைகள் உண்டாகின்றன. மொட்டிலிருந்து வந்த கிளைகள் சிறுநீரைச் சேகரிக்கும் குழாய்களாகின்றன. நுனிகளைச் சுற்றியுள்ள இடைத்திசுச் செல்கள் திரண்டு நெஃப்ரான்களாக மாறுகின்றன.

ஆக, ஒரு மொட்டு கிளம்பினால் ஒரு சிறுநீரகம். ஒரு பக்கம் மொட்டு கிளம்பாவிட்டால் அந்தப் பக்கம் சிறுநீரகம் இல்லை. கிளைகள் குறைந்தால் நெஃப்ரான்களும் குறையும். ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். உண்மையில் அந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடும். இரண்டு லட்சம் உள்ளவர்களும் உண்டு, இருபது லட்சத்துக்கு மேல் உள்ளவர்களும் உண்டு. கர்ப்பத்தின் 36ஆவது வாரம் வாக்கில் புதிய நெஃப்ரான் உருவாவது நின்றுவிடுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் சிறுநீரகத்தை மருத்துவர்கள் கவனமாகப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகுப்பில்: ஒரு தாளை இரண்டாக மடிக்கச் சொல்லுங்கள், மறுபடியும் மடிக்கச் சொல்லுங்கள். 2, 4, 8, 16 என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஏழெட்டு மடிப்புக்கு மேல் மடிக்க முடியாது. எழுதுவதை மட்டும் தொடருங்கள். பதினைந்தாவது முறை 32,768 வரும். ஒவ்வொரு நுனியைச் சுற்றியும் பல நெஃப்ரான்கள் உருவாவதால் எண்ணிக்கை லட்சங்களுக்குப் போகிறது. ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளும் இதைச் செய்வார்கள்.

"வா" என்று அழைக்கும் புரதம்

மொட்டு ஏன் அந்த இடத்தில் கிளம்புகிறது? இடைத்திசுதான் அழைக்கிறது. எதனால் அழைக்கிறது என்றால், வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தால். ஒரு செல் வெளியிடும் புரதம் இன்னொரு செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் போய் உட்கார்ந்து, அந்தச் செல்லை வளரவோ, பிரியவோ, நகரவோ தூண்டுகிறது. ரீட்டா லெவி மோன்டால்சினி, ஸ்டான்லி கோஹன் இருவரும் வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக 1986இல் நோபல் பரிசு பெற்றார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லெவி மோன்டால்சினி தம் படுக்கையறையையே ஆய்வகமாக்கிக் கோழிக் கருக்களை ஆராய்ந்தவர். "ஆய்வகம் இல்லை" என்று சலித்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டிய பெயர்.

சிறுநீரக இடைத்திசு வெளியிடும் முக்கியமான வளர்ச்சிக் காரணியின் சுருக்கப் பெயர் ஜிடிஎன்எஃப். மூளையின் நரம்புச் செல்களைக் காக்கும் புரதமாக 1993இல் கண்டறியப்பட்டதால் அதன் முழுப் பெயரில் நரம்பு இருக்கும், சிறுநீரகம் இருக்காது. மொட்டின் செல்களில் இதற்கான ஏற்பி ரெட். 1994இல் ரெட் மரபணுவை நீக்கிய எலிகளில் பெரும்பாலும் சிறுநீரகம் உருவாகாததையோ, உருவானாலும் முழு வளர்ச்சி பெறாததையோ கண்டார்கள். 1996இல் ஜிடிஎன்எஃப் மரபணுவை நீக்கிய எலிகளை மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்தன. அவற்றுக்கும் சிறுநீரகம் இல்லை. மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று மட்டும் பழுதான எலிகளில் சிலவற்றுக்கு ஒரே ஒரு சிறுநீரகம் இருந்தது. இதைப் படித்தபோது மூன்றாவது பெஞ்சு என் நினைவுக்கு வந்தது.

இன்னொரு சோதனையும் சுவையானது. ஜிடிஎன்எஃப்பில் ஊறவைத்த நுண்மணியைக் குழாயின் அருகே வைத்தால், மொட்டு வர வேண்டாத இடத்திலும் மொட்டு கிளம்பியது. இந்த அழைப்பு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் தடையும் உண்டு. ஸ்ப்ரவுட்டி என்ற புரதம் அந்த வேலையைச் செய்கிறது. அது இல்லாத எலிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மொட்டுகள் கிளம்பின. வைட்டமின் ஏ-க்கும் இதில் பங்குண்டு. ரெட் ஏற்பி போதுமான அளவில் உருவாக அது உதவுகிறது. மாலைக்கண் நோயோடு மட்டும் நாம் சேர்த்துச் சொல்லும் வைட்டமின், சிறுநீரக உருவாக்கத்திலும் இருக்கிறது. (கர்ப்ப காலத்தில் அதை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்வதும் கருவுக்குத் தீங்கு. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.)

செய்தி எப்படி விசையாகிறது?

இந்த இடத்தில் ஒரு மாணவன் நல்ல கேள்வி கேட்டான். "டீச்சர், வான்னு கூப்பிட்டா மட்டும் போதுமா? வர்றதுக்குக் கால் வேணாமா?"

வேண்டும். செல்லுக்குள் ஆக்டின் என்ற புரத இழைகள் உள்ளன. அவற்றைப் பிடித்து இழுக்கும் புரதம் மயோசின். நம் கைத்தசையைச் சுருக்குவதும் இந்த இரண்டின் குடும்பம்தான். ஏற்பியில் வளர்ச்சிக் காரணி உட்கார்ந்ததும் செல்லுக்குள் ஒரு புரதம் இன்னொன்றைத் தூண்ட, அது வேறொன்றைத் தூண்டச் செய்தி கைமாறிக்கொண்டே போய், கடைசியில் ஆக்டின் இழைகளையும் மயோசினையும் வந்தடைகிறது. செல் சில இடத்தில் நீள்கிறது, சில இடத்தில் சுருங்குகிறது. கீழே உள்ள பரப்பைப் பற்றி இழுக்கிறது, பக்கத்துச் செல்லையும் இழுக்கிறது. எலிக் கருவின் சிறுநீரகத்தைத் தட்டில் வளர்த்து, இந்தச் சுருக்க விசையைத் தடுக்கும் மருந்துப்பொருள்களைச் சேர்த்துப் பார்த்தபோது கிளை பிரியும் விதமே குலைந்துபோனது. வேதிச் செய்தி மட்டும் போதாது, விசையும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

வகுப்பில்: பாத்திரம் கழுவும் நுரைப்பஞ்சை நீளவாக்கில் பட்டையாக வெட்டுங்கள். ஒரு பக்கத்தின் விளிம்பில் மட்டும் ஊசிநூலால் நெடுகத் தையல் போடுங்கள். நூலை இழுத்தால் அந்தப் பக்கம் சுருங்கிப் பட்டை முழுவதும் வில்லாக வளையும். தட்டையான செல் அடுக்கு, ஒரு பக்கம் மட்டும் சுருங்குவதால் வளைந்து மொட்டாவதை மாணவர்கள் கையிலேயே உணர்வார்கள்.

கண்ணுக்குத் தெரியாத விசையை அளப்பது

விசையை நேரே பார்க்க முடியாது. அது ஏற்படுத்தும் மாற்றத்தைத்தான் பார்க்க முடியும். சுருள்வில் தராசில் நாம் பார்ப்பது வில்லின் நீட்சியை, விசையை அல்ல. செல்லின் விசையை அளப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள். செல்லுக்கு ஏற்ற "சுருள்வில்" ஒன்றைத் தேடியதுதான் இந்தத் துறையின் கதை. நான்கு முறைகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் முறை, சுருக்கம் பார்ப்பது. 1980இல் ஆல்பர்ட் ஹாரிசும் அவருடன் பணியாற்றியவர்களும் மிக மெல்லிய சிலிக்கோன் ரப்பர் ஏட்டின் மேல் செல்களை வளர்த்தார்கள். செல்கள் இழுத்த இழுப்பில் ஏட்டில் சுருக்கங்கள் விழுந்தன. செல் இழுக்கிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. காய்ச்சி ஆறிய பாலின் மேல் படிந்த ஆடையை இரு விரலால் மெல்லச் சேர்த்துப் பாருங்கள். அதே சுருக்கம்தான். ஆனால் இதில் "இழுக்கிறது" என்று சொல்லலாமே தவிர "இவ்வளவு" என்று சொல்வது கடினம்.

இரண்டாம் முறை, புள்ளிகள் நகர்வதை அளப்பது. மென்மையான கூழ்மப் பரப்புக்குள் ஒளிரும் நுண்மணிகளைப் பதித்து, மேலே செல்லை வளர்க்கிறார்கள். செல் இழுக்கும்போது மணிகள் சற்றே நகர்கின்றன. படம் எடுக்கிறார்கள். பிறகு செல்லை அகற்றிவிட்டு, இழுவை நீங்கிய பரப்பை மீண்டும் படம் எடுக்கிறார்கள். இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாடுதான் மணிகளின் இடப்பெயர்ச்சி. கூழ்மத்தின் மீள்தன்மை முன்பே அளந்து வைத்திருப்பதால், எந்த இடத்தில் எவ்வளவு விசை என்று கணக்கிடலாம். சதுர மீட்டருக்கு இவ்வளவு நியூட்டன் என்று, பாஸ்கலில் விடை வரும். எட்டாம் வகுப்பில் நாம் நடத்தும் அழுத்தத்தின் அதே அலகு.

வகுப்பில்: பெரிய நுரைப்பஞ்சின் மேல் 1 செ.மீ. இடைவெளியில் பேனாவால் புள்ளிகள் வைக்கச் சொன்னேன். ஓர் ஓரத்தில் சட்டைப் பொத்தான் ஒன்றைத் தைத்து, அதில் சுருள்வில் தராசை மாட்டிப் பக்கவாட்டில் இழுத்தோம். 1 நியூட்டன் இழுத்தபோது அருகிலிருந்த புள்ளி 10 மி.மீ. நகர்ந்தது. இதுதான் அளவுத்திருத்தம். பிறகு தராசைக் கழற்றிவிட்டு, ஒரு மாணவி பொத்தானை விரலால் இழுத்தாள். புள்ளி 4 மி.மீ. நகர்ந்தது. "அப்ப 0.4 நியூட்டன்" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. தராசு இல்லாமலே விசையைச் சொல்லிவிட்டார்கள். உங்கள் பஞ்சுக்கு எண்கள் வேறாக வரும், அதிகம் இழுத்தால் நேர்விகிதமும் கெடும். இரண்டையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாம் முறை, நுண்தூண்கள். ரப்பர் போன்ற பொருளால் ஆன மிகச் சிறிய தூண்களை வரிசையாக நட்டு, அவற்றின் உச்சியில் செல்லைப் படரவிடுகிறார்கள். செல் இழுக்க இழுக்கத் தூண்கள் வளைகின்றன. ஒவ்வொரு தூணும் ஒரு தனிச் சுருள்வில். இந்த முறை 2003இல் வெளியானது. பல் துலக்கும் பிரஷ்ஷின் மேல் விரலை வைத்து நகர்த்தினால் போதும், குழந்தைகளுக்குப் புரிந்துவிடும்.

நான்காம் முறை, வெட்டிப் பார்ப்பது. செல்களின் விளிம்பை நுண்ணிய லேசர் கதிரால் வெட்டினால், இழுவிசை இருந்த விளிம்பு சட்டென்று விலகும். எவ்வளவு வேகமாக விலகுகிறதோ அவ்வளவு இழுவிசை இருந்தது என்று பொருள். தூக்கிப்போட்ட சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டை இரண்டு மாணவர்கள் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஆசிரியர் பிளேடால் சிறிய கீறல் போட்டுக் காட்டலாம். இழுக்காமல் கீறினால் கோடு. இழுத்துக் கீறினால் வாய் பிளக்கும். பிளேடு ஆசிரியர் கையில்தான் இருக்க வேண்டும்.

கைகோத்து நிற்கும் இரண்டு செல்கள்

செல் தரையை இழுப்பதை அளந்துவிட்டோம். பக்கத்துச் செல்லை இழுப்பதை எப்படி அளப்பது? இரண்டு செல்களுக்கு நடுவே தராசு வைக்க முடியாதே?

இதை மைதானத்தில் விளக்கினேன். இரண்டு மாணவிகள் எதிரெதிரே நின்று கைகோத்துப் பின்னோக்கிச் சாய்ந்தார்கள். "இவள் விழாம இருக்கக் காரணம் என்ன?" என்று கேட்டேன். கை இழுக்கிறது, கால் தரையை உதைக்கிறது. இரண்டும் சமம் என்பதால்தான் நகராமல் நிற்கிறாள். அப்படியென்றால் காலுக்கும் தரைக்கும் இடையே பக்கவாட்டில் உள்ள விசையை அளந்தால், கையில் உள்ள விசையை அளக்காமலே சொல்லிவிடலாம்.

ஆய்வாளர்கள் செய்ததும் அதுவே. செல் சோடியில் ஒரு செல் மட்டும் தரையில் செலுத்தும் விசைகளையெல்லாம் திசையோடு கூட்டினார்கள். தனிச் செல்லுக்கு அது பூச்சியமாக வர வேண்டும். சோடியில் பூச்சியம் வரவில்லை. மிஞ்சிய விசையை ஈடுகட்டுவது பக்கத்துச் செல்தான். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எம்டிசிகே என்ற சிறுநீரகச் செல் வகையில் இந்த விசை சுமார் 100 நானோநியூட்டன் என்று தெரிந்தது. நானோநியூட்டன் என்றால் நியூட்டனில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு கடுகின் நிறை 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அதன் எடையில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய கைகள் லட்சக்கணக்கில் சேர்ந்து இழுத்துத்தான் ஓர் உறுப்பை வடிக்கின்றன.

எம்டிசிகே செல்கள் 1958இல் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. இன்றுவரை உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன.

வளர்ச்சிக் காரணி சேர்த்தால்?

இனி தலைப்பின் மையத்துக்கு வரலாம். எம்டிசிகே செல்களோடு எச்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால், கூட்டமாக ஒட்டியிருந்த செல்கள் சில மணி நேரத்தில் பரவிப் பிடியை விட்டுப் பிரிகின்றன. அதே செல்களைத் தட்டையான தட்டில் அல்லாமல் கொலாஜன் கூழ்மத்துக்குள் வைத்து அதே காரணியைச் சேர்த்தால், கிளைகள் விட்ட குழாய்களாக வளர்கின்றன. இது 1991இல் தெரிந்தது. காரணி ஒன்றுதான், செல்லும் ஒன்றுதான். சுற்றியுள்ள இடம் மாறியதால் விளைவு மாறியது. செல்கள் பிரிவதற்கு மயோசினின் இழுப்பும், தரையின் மேல் பிடிமானமும் தேவை என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இழுப்பதற்குப் பிடிமானம் வேண்டும். கயிறு இழுக்கும் போட்டியில் வழுக்குத் தரையில் நிற்பவர் எவ்வளவு பலசாலியானாலும் பயனில்லை அல்லவா?

இந்தச் சோதனையை எப்படி வடிவமைப்பீர்கள் என்று வகுப்பைக் கேட்டேன். "செல் வளர்த்துட்டு, விசையை அளந்துட்டு, காரணியைச் சேர்த்துட்டு, மறுபடி அளக்கணும்" என்றார்கள். சரியென்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒருவன் எழுந்தான். "டீச்சர், நேரம் ஆக ஆகச் செல் தானாவே அதிகமா இழுக்க ஆரம்பிச்சா? காரணியாலதான்னு எப்படிச் சொல்றது?"

அன்றைய வகுப்பில் மிகச் சிறந்த நிமிடம் அதுதான். கட்டுப்பாட்டுச் சோதனை என்ற சொல்லை நான் சொல்லும் முன்பே அதன் தேவையை அவன் சொல்லிவிட்டான். பிறகு கரும்பலகையில் நான்கு தட்டுகளை வரைந்தோம்.

முதல் தட்டில் எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டாம் தட்டில் காரணியைக் கரைத்த திரவம் மட்டும், காரணி இல்லாமல். மூன்றாம் தட்டில் காரணி. நான்காம் தட்டில் காரணியோடு மயோசினைத் தடுக்கும் பொருளும். நான்கிலும் செல்களின் எண்ணிக்கை, கூழ்மத்தின் மென்மை, வெப்பநிலை, நேரம் எல்லாம் ஒன்றே. இரண்டாம் தட்டு எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். "திரவமே செல்லைப் பாதிச்சிருக்கலாம்" என்ற பதில் வந்தால், அந்த மாணவர் அறிவியல் முறையைப் புரிந்துகொண்டார் என்று நம்பலாம். ஒரே ஒரு செல்லைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது, பல செல்களை அளக்க வேண்டும், வேறொரு நாளிலும் செய்து பார்க்க வேண்டும் என்பதையும் அவர்களே சேர்த்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். தட்டில் நடப்பதும் கருவுக்குள் நடப்பதும் ஒன்றல்ல. தட்டில் செல் தட்டையாகப் படர்கிறது. கருவில் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் செல்கள். எலியில் கண்டது மனிதரில் அப்படியே பொருந்த வேண்டும் என்பதுமில்லை. அதனால்தான் உயிருள்ள திசுவுக்குள்ளேயே விசையை அளக்கும் வழிகளைத் தேடுகிறார்கள். அளவு தெரிந்த நுண்ணிய எண்ணெய்த் துளியைத் திசுவுக்குள் செலுத்தி, அது எவ்வளவு நசுங்குகிறது என்று பார்ப்பது அவற்றில் ஒன்று. 2014இல் வெளிவந்த முறை அது.

மூன்றாவது பெஞ்சுக்கு என்ன சொன்னேன்?

அந்த மாணவியைத் தனியே அழைத்துப் பேசினேன். ஒரு பக்கம் மட்டும் சிறுநீரகம் இல்லாமல் பிறப்பது ஆயிரம் முதல் இரண்டாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் நடப்பதுதான் என்றேன். மொட்டு கிளம்ப வேண்டிய அந்த ஐந்தாவது வாரத்தைப் படம் வரைந்து காட்டினேன். அழைப்பு போதாமல் மொட்டு கிளம்பாமல் இருக்கலாம். சிலருக்குச் சிறுநீரகம் உருவாகத் தொடங்கிப் பின்பு சுருங்கி மறைந்திருக்கலாம். அவளுக்கு எது நடந்தது என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது. கிரகணம் இதில் எங்கேயும் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னேன். சந்திரனின் நிழலோ பூமியின் நிழலோ செல்லின் ஏற்பியில் உட்கார முடியாது.

இருக்கும் ஒரு சிறுநீரகம் சற்றுப் பெரிதாக வளர்ந்து இரண்டின் வேலையையும் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும், ஆனால் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சோதித்துக்கொள்ள வேண்டும், தானாக வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது என்றும் சொன்னேன். அவளைப் பற்றி வகுப்பில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தார். கையில் மகளின் அறிவியல் நோட்டு இருந்தது. அதில் குழாயும் மொட்டும் வரைந்து, பக்கத்தில் "5ஆவது வாரம்" என்று எழுதியிருந்தாள். "பொண்ணு வீட்டுல எல்லாருக்கும் இத வச்சுப் பாடம் எடுத்தா டீச்சர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப நான் எதுவும் தப்புப் பண்ணலதானே?" என்று கேட்டார். பதினான்கு ஆண்டுகளாக அவர் மனதில் இருந்த கேள்வி. "நீங்க எந்தத் தப்பும் பண்ணலம்மா" என்றேன். இந்த முறை ஏன் என்றும் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

தொடக்கநிலை: தாள் மடிப்பும் பிரஷ் செயல்பாடும் போதும். "தள்ளுதல், இழுத்தல்" பாடத்தோடு சேர்த்து, நம் உடலுக்குள் செல்களும் இழுக்கின்றன என்ற ஒரு வரியைச் சொல்லலாம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: விசை, அழுத்தம், அலகுகள் நடத்தும்போது நுரைப்பஞ்சுச் சோதனையைச் செய்யலாம். நியூட்டனிலிருந்து நானோநியூட்டனுக்கு அலகு மாற்றப் பயிற்சி கொடுக்கலாம்.

ஒன்பது, பத்தாம் வகுப்பு: கழிவுநீக்க மண்டலத்தோடு சிறுநீரகம் உருவாகும் கதையையும், நான்கு தட்டுச் சோதனையையும் சேர்க்கலாம். மேல்நிலை வகுப்பில் மீட்சிப் பண்பு நடத்தும்போது கூழ்மமும் நுண்தூணும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

மதிப்பீட்டுக்கு மூன்று வினாக்கள்: 1. மொட்டு கிளம்பிய பின் கிளைகள் மட்டும் குறைந்தால் சிறுநீரகம் எப்படி இருக்கும்? 2. நான்காம் தட்டில் செல்கள் பிரியாவிட்டால் அதிலிருந்து என்ன தெரிகிறது? 3. தராசு இல்லாமல் ஒரு பொருளின் மீதுள்ள விசையை அளக்க நீங்கள் ஒரு கருவி செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ஆண்டு கழிவுநீக்க மண்டலம் நடத்தும்போது முதல் வரியை மாற்றி எழுதினேன்: "பெரும்பாலோருக்கு இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. சிலருக்கு ஒன்று இருக்கும்." நம் வகுப்பில் எந்த பெஞ்சில் யார் எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அதனால் நாம் எழுதும் வரியில் அவர்களுக்கும் இடம் இருக்கட்டும்.